உறையில் 9800 என்று எழுதியிருந்தது: ஒரு வேப் பேட்டரி நிகழ்வு ஆய்வு

பின்னணி

வடமேற்கு லண்டனில் ஒரு மளிகைக் கடையின் ஓரத்தில் செல்போன் ரிப்பேர் மேசை போட்டிருக்கிறேன். இது அங்கே வந்த ஒருவருக்கு நடந்தது. எழுதலாமா என்று கேட்டேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றார். யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பதை நெருங்கும் வயது, குடோனில் இரவு ஷிப்ட். அவருக்கு நான் ‘தம்பி’, எனக்கு அவர் ‘அண்ணா’. பல வருடம் சிகரெட் பிடித்து, அதை விடுவதற்காக வேப்புக்கு, அதாவது மின்சிகரெட்டுக்கு வந்தவர்.

பிரிட்டனில் 2025 ஜூன் 1 முதல், தீர்ந்ததும் தூக்கி எறியும் வேப்களை விற்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. அதுவரை அதைத்தான் வாங்கிக்கொண்டிருந்தார். பலரும் பேட்டரி உள்ளேயே இருக்கும் சின்ன பாட் கருவிக்கு மாறினார்கள். இவருக்கு மட்டும் கூட வேலை செய்யும் நண்பர் ஒருவர் தன் பழைய பெரிய ‘மோட்’ (பேட்டரியைக் கழற்றி மாற்றும் வேப் கருவி) ஒன்றைச் சும்மா கொடுத்துவிட்டார். ரெகுலேட்டட் மோட், அதாவது உள்ளே ஒரு சர்க்யூட் போர்டு இருக்கும், நாம் வாட் எவ்வளவு என்று வைத்தால் அதற்குத் தேவையானதை அது பேட்டரியிலிருந்து இழுத்து காயிலுக்கு, அதாவது திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச் சுருளுக்குக் கொடுக்கும். காயிலில் ஷார்ட் இருந்தால் நின்றுவிடும். அதில் இரண்டு 18650 பேட்டரி போட வேண்டும், தொடர் இணைப்பு, உச்சம் 200 வாட் என்று பெட்டியில் போட்டிருந்தது.

18650 என்றால் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், கடைசி சைபர் உருளை வடிவம் என்பதற்கு. லேப்டாப் பேக்கில் இருப்பது, டார்ச்சில் இருப்பது, மின்சார சைக்கிளில் இருப்பது எல்லாம் இதே அளவுதான். வம்பே அங்கேதான் தொடங்குகிறது. எதைப் போட்டாலும் அந்தக் குழிக்குள் கச்சிதமாக உட்கார்ந்துவிடும், உள்ளே என்ன இருக்கிறது என்று குழிக்குத் தெரியாது.

முதல் முறை வந்தபோது (என் தவறு)

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மோட்டைக் கொண்டுவந்து வைத்தார். 70 வாட்டில் இழுத்தால் ‘பேட்டரி வீக்’ என்று காட்டி நின்றுவிடுகிறது, இரவு முழுக்க சார்ஜ் போட்டாலும் அதேதான். மேசைக்கு முன்னால் நாலு பேர் நின்றார்கள். நான் மூடியைத் திறந்து, முனைகளை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, இரண்டு முறை அழுத்திப் பார்த்தேன், வேலை செய்தது. நண்பர் கொடுத்த பழைய பேட்டரிதான் செத்துக்கொண்டிருக்கிறது என்பது என் ஊகம். “நல்லதா வாங்கிப் போடுங்கண்ணா, 30 ஆம்பியர்னு போட்டிருக்கானு பாத்து வாங்குங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். காசு வாங்கவில்லை என்று அப்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவர் நான் சொன்னதை அப்படியே செய்தார். ஆன்லைனில் தேடினார், 30 கேட்ட இடத்தில் 40 கிடைத்தது. ‘9800 எம்ஏஎச், 40 ஆம்பியர்’ என்று பளபளப்பான உறையில் அச்சடித்த நாலு பேட்டரி, மொத்தமாக 9 பவுண்டு. (எம்ஏஎச் என்பது கொள்ளளவு, ஆம்பியர் என்பது ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்கலாம் என்பது.) நான் எண்ணைப் பார்க்கச் சொன்னேன், அவர் எண்ணைப் பார்த்து வாங்கினார். இதில் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

என்ன நடந்தது

புதுப் பேட்டரியில் ‘வீக்’ செய்தி பழையதைவிடச் சீக்கிரம் வந்தது. இரண்டு தீர்ந்தால் மற்ற இரண்டைப் போடலாம் என்று ஷிப்டுக்குப் போகும்போது ஜாக்கெட் பாக்கெட்டில் இரண்டை வெறுமனே போட்டுக்கொண்டு போக ஆரம்பித்தார். அதே பாக்கெட்டில்தான் வீட்டுச் சாவியும் லாக்கர் சாவியும். (அவர் ‘திறப்புக்கொத்து’ என்று சொன்னபோது திருச்சிக்காரனான எனக்குப் புரியவே இரண்டு வினாடி ஆயிற்று.)

செப்டம்பர் கடைசியில், அதிகாலை வேலை முடிந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கும்போது இடது பக்கம் சூடாக இருப்பது போலத் தெரிந்ததாம். முதலில் கைபேசி என்று நினைத்தார். கையை விட்டுப் பார்த்ததும் சுட்டது, பிளாஸ்டிக் கருகும் வாடை. ஜாக்கெட்டைக் கழற்றித் தரையில் வீசிவிட்டுத் தள்ளி நின்றார். அது நல்ல முடிவு. குனிந்து பேட்டரியை வெளியே எடுக்கப் பார்த்திருந்தால் முகம் அதற்கு நேராக இருந்திருக்கும். தீப்பிடிக்கவில்லை, வெடிக்கவில்லை. வீசியபோது சாவி விலகியிருக்க வேண்டும், கொஞ்ச நேரத்தில் ஆறிவிட்டது. இரண்டு விரலில் கொப்புளம், தொடையில் உள்ளங்கை அளவுக்குச் சிவப்பு. குடோனுக்குத் திரும்பிப் போய் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் விரலைக் காட்டிக்கொண்டு நின்றார், பிறகு மருத்துவரிடம் காட்டினார், பத்து நாளில் ஆறியது.

மேசையில் பார்த்தவை

மறுநாள் நாலு பேட்டரியையும் ஒரு தகர டப்பாவில் கொண்டுவந்தார். சூடானதைத் தனியே வைத்தேன், அதை மறுபடி சார்ஜ் போடுகிற வேலையே இல்லை. அதன் மேல் முனையில், பாசிட்டிவ் பக்கத்து விளிம்பில், உறை ஒரு அரிசி நீளத்துக்குக் கிழிந்து சுருண்டிருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் பலருக்கு இது தெரியாது. இந்தப் பேட்டரியின் மேலே இருக்கும் சின்னத் தொப்பி மட்டும்தான் பாசிட்டிவ். அடிப்பகுதி, பக்கவாட்டு, மேல் விளிம்பு வளையம் என மற்ற உலோகம் முழுக்க நெகட்டிவ். தொப்பிக்கும் விளிம்புக்கும் நடுவில் ஓரிரு மில்லிமீட்டர்தான். அங்கே நடுவில் நிற்பது ஒரு காகித வளையமும் அந்த மெல்லிய பிளாஸ்டிக் உறையும். உறை அங்கே கிழிந்துவிட்டால் சாவி இரண்டு முனையையும் தேடிப் போக வேண்டியதில்லை, தொப்பியின் மேல் சாய்ந்தாலே போதும், ஷார்ட் ஆகிவிடும்.

அப்புறம் மற்ற மூன்றையும் கடையில் மசாலா நிறுக்கும் தராசில் வைத்தேன். ஒழுங்கான 18650 ஒன்று 45 கிராமை ஒட்டி இருக்கும். இவை 33, 33, 34. உலோகக் கூடு முழு அளவு, உள்ளே சரக்கு அரைகுறை. கொள்ளளவு பார்க்கும் சார்ஜரில் அரை ஆம்பியரில் ஓட்டியபோது 1200 எம்ஏஎச்சைக்கூட எதுவும் தொடவில்லை. உள் மின்தடை 80 மில்லி ஓம் பக்கம். நல்ல வேப் பேட்டரியில் இதே மீட்டர் 15 பக்கம் காட்டும்.

80 மில்லி ஓம் என்றால் 10 ஆம்பியர் இழுக்கும்போது பேட்டரிக்குள்ளேயே 0.8 வோல்ட் காணாமல் போகிறது. முழு சார்ஜில் 4.2 வோல்ட் இருந்தாலும் பட்டனை அழுத்தியதும் 3.4-க்கு விழும், பத்து இழுப்பில் இன்னும் கீழே. போர்டு அதைப் பார்த்துத்தான் ‘வீக்’ என்றது. போர்டு பொய் சொல்லவில்லை.

இன்னொன்றும் எனக்கு அந்த மீட்டரைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அந்த ஷார்ட்டில் அவர் கொப்புளத்தோடு தப்பியதற்கு இந்தப் பேட்டரியின் மட்டரகமும் ஒரு காரணமாக இருக்கலாம். 80 மில்லி ஓமில் சாவி முழுசாகத் தொட்டாலும் கணக்குப்படி 50 ஆம்பியர்தான் பாயும். 15 மில்லி ஓமில் அது 250-ஐத் தாண்டும், சாவியின் தொடுதல் எவ்வளவு குறைத்தாலும் அது வேறு ஜாதிச் சூடு. அதாவது நான் அவருக்கு நல்ல பேட்டரி வாங்கிக் கொடுத்து, அதையும் அவர் இதே பாக்கெட்டில் இதே சாவியோடு போட்டால், முன்பைவிடப் பெரிய ஆபத்தை நானே கையில் கொடுத்ததாக ஆகும்.

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகத்தின் 2017 அறிக்கையில் 2009-இலிருந்து 2016 வரை மின்சிகரெட் தீ, வெடிப்பு என்று 195 சம்பவம் கணக்கில் இருக்கிறது. 133 பேருக்குக் காயம், அதில் 38 கடுமையானவை. அந்த 195-இல் 61, கருவியோ உபரிப் பேட்டரியோ பாக்கெட்டில் இருந்தபோது நடந்தது. இவருடையதும் அந்த வகைதான். அந்த நாட்டின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2021 ஜனவரியில், உதிரியாக விற்கும் 18650 செல்களை வாங்கவே வேண்டாம் என்று மக்களுக்குச் சொன்னது. பெரிய தயாரிப்பாளர்களும் இவை பேக்குக்குள் வைக்கச் செய்தவை, தனியாகக் கையாளச் செய்தவை அல்ல என்கிறார்கள். இதை அவரிடம் மறைக்கவில்லை. பேட்டரி உள்ளேயே பொருத்திய சின்னக் கருவிக்கு மாறிவிடுவதுதான் இருப்பதில் பாதுகாப்பானது என்றேன். “தம்பி, அதால எனக்கு சரிவரேல்ல, திரும்பவும் சிகரெட்டுக்குப் போயிடுவன்” என்றார். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. சிகரெட்டுக்குத் திரும்பாமல் இருப்பது அவருக்கு முதல் விஷயம்.

கணக்கு

அவருடைய நண்பர் ஏற்கெனவே ஒரு கணக்குச் சொல்லியிருந்தார்: காயில் 0.15 ஓம், பேட்டரி 4.2 வோல்ட், வகுத்தால் 28 ஆம்பியர், ஆக 30 ஆம்பியர் பேட்டரி வேண்டும். நான் முதலில் சொன்ன 30-உம், யோசித்துப் பார்த்தால், இப்படி எங்கேயோ கேட்டதுதான். போர்டே இல்லாத மெக்கானிக்கல் மோட்டுக்குத்தான் அந்தக் கணக்கு பொருந்தும். ரெகுலேட்டட் மோட்டில் காயிலின் ஓமுக்கும் பேட்டரிக்கும் நேர்த் தொடர்பு கிடையாது, நடுவில் போர்டு இருக்கிறது. பேட்டரியிடம் போர்டு கேட்பது வாட்டை.

70 வாட், இரண்டு பேட்டரி, ஆளுக்கு 35. தொடரோ பக்கவாட்டோ எந்த இணைப்பாக இருந்தாலும் இதே பங்கீடுதான். போர்டில் வீணாவதற்கு பத்து சதவீதம் வைத்தால் 39 வாட். முழு சார்ஜில் 4.2 வோல்ட், ஆகவே 9 ஆம்பியர் சொச்சம். பேட்டரி இறங்கி 3.2-க்கு வரும்போதும் போர்டுக்கு அதே 39 வாட் வேண்டும், அதனால் 12 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். தீரத் தீர அதிகமாக இழுக்கிறது, மெக்கானிக்கல் மோட்டுக்கு நேர் எதிர். அதனால் கணக்கை எப்போதும் அந்தக் கடைசிக் கட்டத்துக்குத்தான் போட வேண்டும்.

பெட்டியில் போட்ட 200 வாட்டுக்கும் இதே கணக்கைப் போட்டுக் காட்டினேன். ஒரு பேட்டரிக்கு கிட்டத்தட்ட 35 ஆம்பியர். அதைத் தொடர்ந்து நிம்மதியாகத் தரக்கூடிய 18650-ஐ நான் பார்த்ததில்லை. கருவி 200 வரை போகும், பேட்டரி போகாது.

எதைத் தேர்ந்தெடுத்தோம், ஏன்

ஒரே அளவுக் கூட்டுக்குள் கொள்ளளவை ஏற்றினால் ஆம்பியர் இறங்கும், ஆம்பியரை ஏற்றினால் கொள்ளளவு இறங்கும். இரண்டும் சேர்ந்து உச்சத்தில் இருப்பதாக உறை சொன்னால் உறை பொய் சொல்கிறது. வழக்கமாகக் கிடைக்கும் பெரிய கம்பெனி 18650-களில் 3500 சொச்சமே உச்சம், அதுவும் குறைந்த ஆம்பியருக்கு. பானசோனிக் என்சிஆர் 18650பி 3400 எம்ஏஎச், டார்ச்சுக்கு அருமை, இந்த மோட்டுக்கு ஆகாது.

வேப்புக்கு ஓடுகிற வரிசையில் சாம்சங் 30கியூ 3000 எம்ஏஎச், 15 ஆம்பியர். எல்ஜி எச்ஜி2 3000, 20 ஆம்பியர். சாம்சங் 25ஆர் 2500, 20 ஆம்பியர். மோலிசெல் பி26ஏ 2600, தயாரிப்பாளரின் தாளில் 35 ஆம்பியர் என்று இருந்தாலும் சுயமாகச் சோதித்துப் பார்ப்பவர்கள் 25-ஐத் தாண்டாதே என்கிறார்கள், நானும் 25 என்றே எடுத்துக்கொள்வேன்.

அவருடைய 70 வாட்டுக்கு 12 ஆம்பியர் போதும் என்பதால் 30கியூவே தாங்கும். அவருக்கும் 3000 என்ற எண்ணில்தான் கண். நான் பி26ஏ பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் உண்டு. 15-க்குப் பக்கத்தில் 12 என்பது இடைவெளியே இல்லை, நடுராத்திரியில் யாரும் வாட்டை 90-க்கு ஏற்றமாட்டார்கள் என்று நான் எப்படி நம்புவது? 90-இல் 15-ஐத் தாண்டிவிடும். பேட்டரி பழசாகும்போது உள் மின்தடையும் ஏறும், அந்த மிச்சமும் வேண்டும். விட்டுக்கொடுத்தது என்ன என்றால், காகிதத்தில் 13 சதவீதம் கொள்ளளவு. அதிக ஆம்பியர் செல்லில் வோல்ட் குறைவாக விழுவதால் நடைமுறையில் அந்த வித்தியாசம் இன்னும் சுருங்கும்.

ஒரு ஜோடி பி26ஏ-யில் கிட்டத்தட்ட 18.7 வாட்-மணி இருக்கிறது. 70 வாட்டில் அது பட்டனை அழுத்திய நேரமாக 14 நிமிடம் வரை, மூன்று வினாடி இழுப்பு என்றால் 280 சொச்சம், கடைசிவரை இறக்க முடியாததால் அதிலும் கொஞ்சம் குறையும். பத்து மணி நேர ஷிப்டுக்கு ஒரு ஜோடி போதாது என்று அவரே சொன்னார். ஆகவே உபரிப் பேட்டரி கொண்டுபோகாதே என்று சொல்வதில் பயனில்லை, கொண்டுதான் போவார், எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் கேள்வி.

பேட்டரிகளை மட்டுமே விற்கும் ஒரு கடையில் நாலு வாங்கினோம், 9 பவுண்டுக்குப் பக்கத்தில் வரவே இல்லை. வந்ததும் முதலில் தராசு, பிறகு கொள்ளளவு. நாலும் 2500-ஐத் தாண்டின. ஜோடிக்கு ஒரு நிறமாக நகப்பூச்சில் புள்ளி வைத்தார், அது அவர் மனைவியின் யோசனை. சிவப்புப் புள்ளி இரண்டும் எப்போதும் ஒன்றாக இறங்கும், ஒன்றாக ஏறும். தொடர் இணைப்பில் ஒன்று களைத்தது, ஒன்று புதுசு என்று போட்டால் களைத்தது அடியோடு இறங்கிக் கெட்டுவிடும்.

கருவியிலேயே யூஎஸ்பி சொருகி, தலைமாட்டில் வைத்து இரவு முழுக்க சார்ஜ் செய்துகொண்டிருந்தார். தனி சார்ஜர், 1 ஆம்பியர், கண் முன்னால், சமையலறை மேடையில் என்று மாற்றினோம். பாக்கெட்டுக்கு, இரண்டு பேட்டரி அடங்கும் மூடி வைத்த பிளாஸ்டிக் டப்பா. எல்லாவற்றிலும் விலை குறைந்தது அதுதான், ஒரு பவுண்டு.

பிறகு

‘வீக்’ செய்தி போய்விட்டது. இரண்டு வாரத்தில் வாட்டை அவரே 55-க்கு இறக்கினார், நாக்கு சுடுகிறது என்று. அதில் ஒரு ஜோடி பாதி ஷிப்டைத் தாண்டியது.

நவம்பரில் மறுபடி வந்தார். சிவப்பு ஜோடியில் ஒன்றின் உறையில் விளிம்போரம் சின்னக் கீறல். மோட்டின் குழிக்குள் ஒரு உலோக நாக்கு கூராக இருந்தது, ஒவ்வொரு முறை செருகும்போதும் அதே இடத்தில் உரசியிருக்கிறது. அநேகமாக 9800 உறையைக் கிழித்ததும் இந்த நாக்குத்தான், சாவி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதைச் சின்ன அரத்தால் மழுக்கினேன். பேட்டரிக்குப் புதுக் காகித வளையமும் சுருங்கும் உறையும் போட்டேன், இரண்டும் சேர்த்துச் சில பென்னி. உறை மாற்றும்போது பழைய உறையை மேலிருந்து கத்தியால் கீறக் கூடாது, அடிப்பக்கத்திலிருந்து உரிக்க வேண்டும். வெப்பக் காற்றையும் ஒரே இடத்தில் காட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

அவர் வீட்டில் ஒரு முறை புள்ளி மாறிப்போய் சிவப்பும் நீலமும் ஒன்றாக மோட்டுக்குள் போகப் பார்த்தன. மீட்டரில் ஒன்று 4.1, இன்னொன்று 3.6. போடுவதற்கு முன் பார்ப்பதற்காகவே பத்து பவுண்டு மீட்டர் ஒன்று வாங்கியிருந்தார், அதில் பிடிபட்டது. ஜனவரி வரை வேறெதுவும் இல்லை.

இன்னொரு முறை என்றால்

வேப் யார் கொண்டுவந்தாலும் முதலில் பேட்டரியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் உருட்டிப் பார்ப்பேன், அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. ஆகஸ்டில் அதைச் செய்திருந்தால் அந்த நாக்கைக் கண்டிருப்பேன். ஆம்பியர் எண் சொல்லி யாரையும் ஆன்லைனுக்கு அனுப்பமாட்டேன். எத்தனை வாட்டில் இழுக்கிறீர்கள், எத்தனை பேட்டரி என்று கேட்டுவிட்டு மாடல் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறேன், உபரியை எதில் வைத்துக்கொண்டு போகிறீர்கள் என்றும் கேட்கிறேன்.

பிளாஸ்டிக் டப்பாக்கள் இப்போது என் மேசையில் சாவிக்கொத்துகளுக்குப் பக்கத்தில் ஒரு ஜாடியில் கிடக்கின்றன, வேப் ரிப்பேருக்கு வருபவர்களுக்குச் சும்மா. அந்த நாலு 9800-களின் முனைகளில் டேப் ஒட்டி, சூடானதை மட்டும் மணல் போட்ட டப்பாவில் தனியாக வைத்து, நகராட்சியின் பழைய பேட்டரி சேகரிக்கும் இடத்தில் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த இடத்து ஊழியர் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “9800-ஆ, இவ்வளவு லேசா இருக்கே” என்றாராம்.